படத்துக்கும் பட்டா உண்டு

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "யாரைக் கேட்டு எழுதினே பிள்ளே?" என்பார். இப்போது அவர் ஏலப்பாறையில் இல்லை. ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு தென்காசிப் பக்கம் போய்விட்டார். அனுமதி கேட்டுக் கடிதம் போடலாம். ஆனால் கொடுக்கலாமா கூடாதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் இந்தத் தாள் மஞ்சளாகிவிடும். ஆகவே தோட்டத் தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்தில் எல்லோரும் கூப்பிட்டபடி மார்க்கு அண்ணாச்சி என்றே சொல்கிறேன். என் அம்மா அவரை அண்ணே என்பாள். அதனால் எனக்கு அவர் மாமா.

தேயிலை ஃபேக்டரியில் பெட்டிக்கு மார்க்கு அடிப்பது அவர் வேலை. தகரத்தில் வெட்டிய எழுத்தைப் பெட்டியின் மேல் வைத்து, கறுப்பு மை தோய்த்த பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பார். தகரத்தை எடுத்தால் தோட்டத்தின் பெயரும் தூளின் ரகமும் பளிச்சென்று நிற்கும். "மார்க்கு இல்லாத பெட்டி அநாதைப் பெட்டி. மார்க்கு மாறின பெட்டி திருட்டுப் பெட்டி" என்பார். பெட்டியோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்தால், இது நன்றாக இருக்கிறதா, என்ன விலை என்றெல்லாம் கேட்கமாட்டார். இது யாருடையது என்றுதான் கேட்பார்.

எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் உப்பும் பருப்பும் பிஸ்கட் டின்னிலும் பால்பவுடர் டின்னிலும்தான் இருக்கும். டின்னின் மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். உள்ளே மிளகாய் வற்றல் இருக்கும். மார்க்கு அண்ணாச்சி வீட்டில் மட்டும் எல்லா டின்னும் ஒரே கறுப்பு. ஃபேக்டரியில் மிஞ்சிய மையை, அதையும் மேஸ்திரியிடம் கேட்டுத்தான், கொண்டுவந்து பூசிவிடுவார்.

"அவங்க பேரு போட்ட டின்னுல நம்ம உப்பைப் போட்டுவச்சு, நாளைக்கு அதைத் தின்னவனுக்கு வயித்தால போனா யாருக்குக் கெட்ட பேரு? அவங்களுக்குல்லா!"

அவர் மனைவி, என் அத்தை, குழம்பு கூட்டும்போது ஒவ்வொரு டின்னாகத் திறந்து மோந்து பார்ப்பாள். "இந்த மனுசனைக் கட்டிக்கிட்ட நாள்ல இருந்து அடுப்படியில எனக்குக் கண்ணுக்கு வேலையில்ல, மூக்குக்குத்தான் வேலை. தாலி கட்டும்போதே, ஆசாரி இந்த அச்சை வேற யாருக்கும் போட்டிருக்கானான்னு விசாரிச்சுட்டுத்தான் கட்டினாரு."

ஒரு வருஷம் கம்பத்தில் ஜவுளி எடுத்தபோது கடைக்காரர் முருகன் படம் போட்ட காலண்டர் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இவருக்கு யோசனை வந்துவிட்டது. படத்துக்குக் கீழே கடையின் பெயர் பெரிதாக இருந்தது. பெயரோடு மாட்டினால் அந்தக் கடைக்குச் சம்பளமில்லாமல் விளம்பரம் செய்கிற மாதிரி. பெயரை மறைத்து மாட்டினால் அவர்கள் காசு போட்டு அச்சடித்த முருகனைத் திருடிய மாதிரி. சுவரில் மாட்டாமல், கீழேயும் போடாமல், கொஞ்ச நாள் முருகன் சுருட்டியபடியே பரணில் இருந்தார். பிறகு கம்பத்துக்குப் போனவர் ஒருவரிடம் காலண்டரைத் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டார். கடைக்காரர் அதைப் பெரிய மானக்கேடாக எடுத்துக்கொண்டு, எங்கள் லயத்து ஆட்களுக்குப் பிறகு காலண்டரே கொடுப்பதில்லை. அத்தனை வீட்டிலும் அமாவாசை எப்போது என்று தெரியாமல் போனதற்கு அவர்தான் காரணம்.

மாரியம்மன் கோயில் பஜனையில் சினிமா மெட்டில் அம்மன் பாட்டு எடுத்தால் ஜால்ராவைக் கீழே வைத்துவிடுவார். "மெட்டைக் கேட்டு வாங்கினீங்களாப்பா?" ஒருமுறை பூசாரி கோபப்பட்டு, "அண்ணாச்சி, அம்மன் மேல கேஸ் போடுவானா?" என்றார். "அம்மன் மேல போடமாட்டான். சம்மன் வாங்க அவளுக்கு ஏது விலாசம்? நம்ம மேலதான் போடுவான்" என்றார்.

இதற்கெல்லாம் அவர் வைத்திருந்த ஒரே வாக்கியம், "படத்துக்கும் பட்டா உண்டு." நிலத்துக்குப் பட்டா இருக்கிற மாதிரி படத்துக்கும், பாட்டுக்கும், டின்னுக்கும், டின்னில் சிரிக்கும் குழந்தைக்கும் எங்கேயோ ஒருவர் பெயரில் பட்டா இருக்கிறது என்பது அவருடைய தீர்மானம். சொந்தமாக ஒரு சாண் நிலத்துக்கும் பட்டா இல்லாத லயத்தில் நின்றுகொண்டு அவர் அதைச் சொல்வதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம்.

அத்தை ஒருநாள் சொன்ன பிறகுதான் அதன் வேர் எனக்குத் தெரிந்தது. அவர் இளவட்டமாக இருந்தபோது அவருடைய கூட்டாளி ஒருவர் கடைத்தெருவில் டீத்தூளைப் பொட்டலம் கட்டி விற்றிருக்கிறார். பொட்டலத்தில் பச்சைக்கிளிப் படம். வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கும் கிளிதான் மார்க்கு. கேஸ் பீருமேட்டுக் கோடதிக்குப் போனது. கூட்டாளிக்குச் சாதகமாகச் சாட்சி சொல்ல இவரைக் கூட்டிப்போனார்கள். அந்தப் பக்கத்து வக்கீல் இரண்டு பொட்டலத்தையும் தூரத்தில் நீட்டி, "இதில் உன் சிநேகிதன் கிளி எது?" என்று கேட்டார். இவர் உற்று உற்றுப் பார்த்துவிட்டு, உண்மையைச் சொன்னார்: "தெரியலிங்க சார்." கேஸ் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. கூட்டாளி கடையை மூடிவிட்டு, குடும்பத்தோடு மலையை விட்டு இறங்கிவிட்டார். "அன்னைக்கு முழுக்க இவரு சோறு திங்கல" என்றாள் அத்தை. "ஒரு கிளி ஒரு குடும்பத்தையே ரோட்டுக்குக் கொண்டாந்துருச்சுன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு."

நான் அவரோடு மோதியது மருந்தடி மெஷின் விஷயத்தில்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் காலெடுத்து வைத்தவள் நான். பத்தாம் வகுப்பு பாஸ், அதுவும் இங்கிலீஷில் நல்ல மார்க். இதை நான் அடக்கத்தோடு சொல்வது வழக்கமில்லை. லயத்துக்கு வருகிற கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பஞ்சாயத்துக்குக் கொடுக்கிற அபேட்சை மனு எல்லாம் என் கைக்குத்தான் வரும். அந்த வருஷம் மழைக்கு முன்னால் தோட்டத்துக்குப் புது மெஷின்கள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். மழை பிடித்தால் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வரும். அதற்குத் தாமிர மருந்து அடிக்க வேண்டும். முதுகில் மாட்டிக்கொள்கிற பித்தளை உருளையில் மருந்தை ஊற்றி மூடி, காற்றடித்து இறுக்கிவிட்டால் மருந்தைத் தானாகப் பீய்ச்சும். தீர்ந்ததும் மறுபடி ஊற்றுவதற்குத் திறக்க வேண்டும். ஆபத்து அங்கேதான். உள்ளே மிச்சமிருக்கும் காற்றை முதலில் வெளியேற்ற வேண்டும். அதற்கு வலது பக்கம் ஒரு திருகு. மூடியின் பூட்டுத் திருகு இடது பக்கம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மாற்றித் திருகினால் மூடி வெடித்துக் கிளம்பும், மருந்து முகத்தில் அடிக்கும். பக்கத்துத் தோட்டத்தில் முந்தின மழைக்கே இந்த மெஷின் வந்துவிட்டது. அங்கே ஒருவருக்கு ஒரு கண் போய்விட்டது.

மருந்தடி கேங்கில் என் அண்ணன் பெயரைப் போட்டிருந்தார்கள்.

ஃபீல்டு ஆபீசரிடம் போய், யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டேன். "புக்கில் எல்லாம் இருக்கிறதே" என்றார். கம்பெனி புக்கு இங்கிலீஷில் இருந்தது. கேங்கில் பாதிப் பேருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும், மீதிப் பேருக்கு அதுவும் வராது. ஆனால் புக்கில் ஒரு படம் இருந்தது. யார் பார்த்தாலும் புரிகிற படம். எந்தத் திருகு முதலில், எது பிறகு என்று ஒன்று, இரண்டு போட்டு அம்புக்குறி காட்டியிருந்தார்கள். அந்தப் புக்கை இரவல் வாங்கி வந்து தமிழில் எழுதினேன். தொழிற்சங்க ஆபீசில் சைக்ளோஸ்டைல் மெஷின் இருந்தது. எழுத்தையும் படத்தையும் ஸ்டென்சிலில் ஏற்றி, கேங்கில் ஆளுக்கொன்று கொடுக்கலாம், மற்றத் தோட்டங்களுக்கும் அனுப்பலாம், யார் வேண்டுமானாலும் மேலும் பிரதி எடுத்துக்கொள்ளட்டும் என்பது என் திட்டம். எங்கள் லயத்து வாசகசாலை பெயரில்தான் வெளியிட வேண்டும். வாசகசாலைக்குச் செக்ரட்டரி மார்க்கு அண்ணாச்சி.

அவர் என் தமிழை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். "நல்லாத்தான் இருக்கு தாயி. இங்கிலீஷைப் பார்த்து அப்படியே எழுதினியா?"

"இல்ல மாமா. படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு, புக்கை மூடி வச்சுட்டுத்தான் எழுதினேன்."

"மூடி வச்சுட்டுத்தானே?"

"மூடி வச்சுட்டுத்தான்."

"அப்பம் இது உன் எழுத்து. உன் எழுத்தை ஊருக்கு விடுதேன்னு நீ உன் வாயால சொல்லணும்." அத்தையையும் என் அண்ணனையும் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு என்னைச் சொல்லவைத்தார். சொன்னேன். அதைத் தன் கையாலேயே முதல் பக்கத்தில் எழுதினார்: 'இதை யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். எடுத்தவர் பிறரைத் தடுக்கக் கூடாது.' பிறகு படத்துக்கு வந்தார். முகம் மாறிவிட்டது.

"இது கம்பெனிப் படம்லா? குதிரைத் தலை மார்க்கு வேற போட்டிருக்கான்."

"படம் இல்லாம யாருக்கு மாமா புரியும்?"

"புரியாதுதான். ஆனா நம்ம எழுத்தை நாம ஊருக்குக் குடுக்கலாம். அவன் படத்தை எடுத்து, 'யாரும் எடுத்துக்கோங்க'ன்னு நாம எப்படிக் குடுக்க? கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதையால்ல இருக்கு!"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. "மாமா, பிள்ளையார் எங்க கண்ணைக் காப்பாத்துனாருன்னா தேங்காய்க்காரன் வேணாங்கவா போறான்?"

"ஏலே, தேங்காய்க்காரன் வேணாம்னு சொல்லமாட்டான். வக்கீல் சொல்லுவான்."

கம்பெனியிடம் அனுவாதம், அதாவது அனுமதி, கேட்டு எழுதுவது என்று முடிவானது. அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். இது விற்பனைக்கில்லை, தொழிலாளர் கண்ணுக்காக என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று என் தமிழ்ப் பிரதி ஒன்றையும் கூடவே வைத்து அனுப்பினார். பதில் வரவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை எப்போது பிடிக்கும் என்றுதான் லயத்தில் பேச்சு.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தொழிற்சங்கத்துக்கு பேனர் எழுதுகிற ஆர்ட்டிஸ்ட்டைக் கூப்பிட்டு, கம்பெனிப் படத்தைப் பார்த்து, ஆனால் கம்பெனிப் படம் மாதிரி இல்லாமல் வரையச் சொன்னார். முதலில் குதிரைத் தலை போனது. "உருளையும் அவங்க உருளைல்லா?" உருளை பெட்டியாகியது. படத்தில் மெஷினைச் சுமந்தவன் தொப்பி வைத்திருந்தான். "தொப்பிக்காரன் அவங்க ஆளு." தலையில் துண்டு கட்டி, மீசையும் வைத்தார்கள். தோல்பட்டை கயிறானது. பக்கத்தில் இருந்த செடி, அதுவும் கம்பெனி வரைந்த செடி என்பதால், வாழை மரமானது. ஆர்ட்டிஸ்ட் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கேட்டார்: "அண்ணாச்சி, இப்போ இது மருந்தடிக்கிறவனா, அரிசி மூட்டை திருடிட்டு ஓடுறவனா?"

"யாருன்னு தெரியக் கூடாது. அதுதான் நமக்குப் பாதுகாப்பு."

அப்போதும் மனம் ஆறவில்லை. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "அந்த ஆளு வலப்பக்கம் பார்த்து நிக்கான். இவனும் வலப்பக்கம்தான் பார்க்கான். கண்ணாடியில பார்க்கிற மாதிரி மொத்தத்தையும் இடமும் வலமும் மாத்திப் போட்டுரு. அப்பம் கோடதியில எந்த வக்கீல் தூரத்துல பிடிச்சுக் காட்டினாலும் நான் தைரியமா சொல்லுவேன், இது வேற கிளின்னு."

ஆர்ட்டிஸ்ட் மாற்றிப் போட்டார். மெஷின்களோ ஸ்டோரில் பெட்டிக்குள்ளேயே ஆணியடித்துக் கிடந்தன. ஒத்துப் பார்க்க எங்களிடம் ஒன்றும் இல்லை. என் எழுத்தில் 'வலது பக்கம்' என்று இருந்ததைப் படத்தோடு வைத்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. புத்தகம் அச்சாகி, கேங்குக்கும் அக்கம்பக்கத் தோட்டங்களுக்கும் போய்விட்டது.

மழை பிடித்த வாரம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் மைதானத்தில் பெட்டியை உடைத்தார்கள். மருந்தை வீணாக்க வேண்டாமென்று ஃபீல்டு ஆபீசர் வெறும் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்னார். அண்ணன் முன்னே போனான். மார்க்கு அண்ணாச்சி அவனைத் தள்ளிவிட்டார். "புத்தகத்துக்கு நான்ல பொறுப்பு. முதல்ல நான் செய்யுதேன்." காற்றடித்தார். ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, படத்தைப் பார்த்து, படத்தில் ஒன்று என்று போட்டிருந்த பக்கத்துத் திருகைத் திருகினார். நிஜ மெஷினில் அந்தப் பக்கம் இருந்தது மூடியின் பூட்டு.

டமார் என்று ஒரு சத்தம். மூடி அவர் நெற்றியில் அடித்துவிட்டு ஃபீல்டு ஆபீசரின் தொப்பியையும் தட்டிக்கொண்டு போனது. தண்ணீர் ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பிற்று. மார்க்கு அண்ணாச்சி சேற்றில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் கண்ணாடி இல்லை. புத்தகத்தை மட்டும் விடவில்லை. கேங்கு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணனும் சிரித்தான். பிறகு அவன்தான் முதலில் நிறுத்தினான்.

"மாமா, இதுல மருந்து இருந்திருந்தா?"

டிஸ்பென்சரியில் நெற்றிக்குத் தையல் போட்ட கம்பவுண்டர், படுத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறார். படுக்கவில்லை. சிவப்பு மைப் புட்டியை மடியில் கட்டிக்கொண்டு, கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, புத்தகம் போன தோட்டத்துக்கெல்லாம் நடந்தார். அந்த மழையில் ஜீப் கிடையாது. யாரும் எடுக்கலாம் என்று எழுதியிருந்தோமே, எடுத்திருந்தார்கள். எங்கள் பிரதியிலிருந்து ஒரு தோட்டம் எடுத்து, அதிலிருந்து இன்னொரு தோட்டம் எடுத்திருந்தது. எங்கள் படத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் விளங்காததால் ஆளுக்கு ஒன்றாக வரைந்திருந்தார்கள். ஒரு தோட்டத்தில் அவன் சுமப்பது மத்தளம். இன்னொன்றில் அவனுக்குத் தொந்தி வைத்துப் பிள்ளையாராக்கியிருந்தார்கள். தப்பு மட்டும் ஒன்றுகூட மாறவில்லை. ஒன்று இடது பக்கம், இரண்டு வலது பக்கம், அச்சுப் பிசகாமல்.

ஒவ்வொரு புத்தகமாக வாங்கிச் சிவப்பில் திருத்தினார். ஓரிடத்தில் அந்தத் தோட்டத்து வாசகசாலைப் பையன் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, "யாரைக் கேட்டு எங்க புத்தகத்துல கிறுக்குறீங்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டான். தன் வாழ்நாளில் ஊரையெல்லாம் கேட்ட கேள்வியை முதல்முறையாக இன்னொருவர் வாயிலிருந்து அவர் கேட்டார். கூட அண்ணன் போயிருந்தான். வந்து சொன்னான்: "மாமா கையெடுத்துக் கும்பிட்டாரு. 'தம்பி, புத்தகம் உன்னோடது. தப்பு மட்டும் என்னோடது. அதை மட்டும் எடுத்துட்டுப் போயிடுதேன்'னாரு. பய பேசாம குடுத்துட்டான்."

அதற்குப் பிறகு, யாருக்கும் விளங்காத அந்தப் படத்தைக் கிழித்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் கொடுத்தோம். கம்பெனிப் படத்தை அப்படியே போடலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "அனுவாதம் வரலியே தாயி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வீட்டுக்குப் போவதையே நிறுத்தினேன். மழைக் கடைசியில், தென்காசிப் பக்கமிருந்து தற்காலிகமாக வந்த புது ஆள் ஒருவர், படிக்கத் தெரியாதவர், அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று தப்புத் திருகைத் திருகிவிட்டார். மருந்து அவர்மேல் படாமல் அண்ணன் முகத்தில் அடித்தது.

ஒரு வாரம் அண்ணன் இரண்டு கண்ணிலும் கட்டோடு கிடந்தான். பார்வை வருமா என்று கேட்டால் டாக்டர் மேலே பார்த்தார். மார்க்கு அண்ணாச்சி தினமும் வந்து கட்டில் பக்கத்தில் உட்காருவார். "யாரு, மாமாவா?" என்பான் அண்ணன். "என் கட்டு எந்தக் கம்பெனின்னு பார்த்துச் சொல்லுங்க மாமா, கேஸ் வந்திடப் போகுது." அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கட்டவிழ்த்தபோது, கண் கலங்கிச் சிவந்திருந்தாலும், அண்ணன் என் ரிப்பனின் நிறத்தைச் சரியாகச் சொன்னான். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த மழைக்கு இன்னும் சில மெஷின்கள் வந்தன. பெட்டியில் இந்தமுறை தமிழ்ப் புத்தகமும் இருந்தது. வழவழப்பான தாள், வண்ணத்தில் அந்தப் படம், குதிரைத் தலை. அண்ணன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். முதல் வரியிலேயே எனக்குக் கை நின்றுவிட்டது. 'உஸ்ஸென்ற சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகே மூடியில் கை வை. அவசரப்பட்டால் உன் கண்ணுக்கு நீயே எமன்.' இது எந்தக் கம்பெனி எழுதுகிற தமிழ்? இது நான் என் அண்ணனுக்கு எழுதிய தமிழ். ஒரு எழுத்து மாற்றாமல் கடைசி வரைக்கும் போட்டிருந்தார்கள். அனுவாதம் கேட்டு நாங்கள் அனுப்பிய பிரதிக்கு அதுதான் பதில். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: இந்தப் புத்தகத்தின் எழுத்தும் படமும் கம்பெனிக்கே உரிமை, எந்தப் பகுதியையும் யாரும் பிரதி எடுக்கக் கூடாது.

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "உன் தமிழ் கலர்ல வந்திருக்குட்டி!" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே ஃபேக்டரிக்குப் போனேன். மார்க்கு அண்ணாச்சி கையில் மை. வாங்கமாட்டேன் என்று கையைக் காட்டினார். நானே பக்கம் பக்கமாகப் பிடித்துக் காட்டினேன். பொடி எழுத்துக்கு வந்ததும் புதுக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, கிட்டே குனிந்து, உதடு அசையப் படித்தார். இனி நம் புத்தகத்தை நாமே அச்சடித்தாலும் கேஸ் நம்மேல்தான் என்று சொல்லப்போகிறார், இருக்கிறதையும் பூட்டி வைக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கேட்டது வேறு. "தாயி, நாம முதல் பக்கத்துல எழுதியிருந்தோமே, எடுத்தவர் பிறரைத் தடுக்கக் கூடாதுன்னு, அந்தப் பக்கத்தோடதானே அவங்களுக்கு அனுப்பினோம்?"

"ஆமா."

"அதைப் படிச்சுட்டுத்தானே எடுத்திருப்பாங்க?"

"படிக்காம எப்படி எடுப்பாங்க?"

கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்தார். "எழுது." நான் எழுதினேன். 'கனம் கம்பெனியாருக்கு. தங்கள் புத்தகத்தில் உள்ள தமிழ் எங்கள் பிள்ளை எழுதியது. தாங்கள் எடுத்ததில் எங்களுக்குச் சந்தோஷம். எடுத்தவர் தடுக்கக் கூடாது என்ற எங்கள் நிபந்தனையைத் தாங்கள் ஏற்றுக்கொண்டதாலேயே எடுத்திருக்கிறீர்கள். ஆகவே, அந்தத் தமிழோடு சேர்ந்த படத்தை நாங்களும் எடுத்துக்கொள்கிறோம். ஆட்சேபம் இருந்தால் கோடதி மூலம் தெரிவிக்கவும்.'

"கோடதி மூலமா?" என்றேன்.

"ஆமா. வரட்டும். தமிழ் யாருதுன்னு அவங்க முதல்ல சொல்லிட்டுத்தானே படம் யாருதுன்னு என்னைக் கேக்கணும்!"

சொன்னாரே தவிர, கையெழுத்துப் போடுமுன் பேனாவை இரண்டு முறை கீழே வைத்தார். பிறகு தன் முழுப்பெயரையும், தகப்பனார் பெயரையும், லயத்து நம்பரையும் எழுதினார்.

அந்த வாரமே படத்தை ஸ்டென்சிலில் ஏற்றினோம். ஆர்ட்டிஸ்ட் வழக்கம்போலக் குதிரைத் தலையை விட்டுவிட்டு வரைந்தார். "அதையும் போடு" என்றார் இவர். "மெஷின் அவங்களோடதுதானே. மறைச்சாத்தான் களவு." படத்துக்கு அடியில் எழுதச் சொன்னார்: 'படம் கம்பெனியுடையது. தமிழ் எங்களுடையது. கண் உங்களுடையது.' உருளை உருளையாக இருந்தது. ஒன்று வலது பக்கம் இருந்தது. அந்த மழையில் எங்கள் கேங்கில் படிக்காத ஆட்கள்கூடப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, திருகைத் தொடுமுன் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். ஒரு மூடியும் பறக்கவில்லை.

அவர் கேஸுக்குத் தயாராகிவிட்டார். பழைய சட்டையில் கோடதி ஏறக் கூடாது என்று வெள்ளைத்துணி எடுத்து முழுக்கைச் சட்டை தைத்து வைத்தார். கூண்டில் நின்று சொல்ல வேண்டியதை மார்க்கு அடித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பார். பெட்டியைப் பார்த்து, "ஆமாங்க சார், நான்தான் எடுத்தேன்" என்பார். தினமும் தபால் ஆபீஸ் வாசலில் நிற்பார். போஸ்ட்மேன் மலையாளத்தில், "நோட்டீஸ் ஒந்நும் வந்நிட்டில்ல அண்ணாச்சி" என்று தூரத்திலிருந்தே கையை விரிப்பார். மழை போய், பனி வந்தது. கம்பெனி எங்களைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "என்ன கம்பெனி தாயி இது? ஒரு நோட்டீஸ் அனுப்பக்கூட மரியாதை தெரியல" என்றார். அவருக்கு நிஜமாகவே மனவருத்தம்.

சட்டை பெட்டியிலேயே கிடந்தது. தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம் வந்தபோது அத்தைதான், "கேஸ் வரலேன்னா சட்டை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று எடுத்துக் கொடுத்தாள். புதுத் துணி விறைப்பாக நின்றது. மணவறைக்குக் கிட்டத்தில், சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேளம் கெட்டியாக விழுந்தது. பெண்ணை அழைத்துவந்து உட்கார வைத்தார்கள். ஐயர் சொன்ன மந்திரத்தை அண்ணன் திருப்பிச் சொல்லவில்லை. ஹோமப்புகையில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, அவன் மட்டும் இமைக்காமல் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, மந்திரத்தைச் சொல்லுல. அப்புறம் பார்க்கலாம்" என்று பின்னாலிருந்து யாரோ கேலி செய்தார்கள்.

"அவன் பார்க்கட்டும் விடுங்கப்பா" என்றார் மார்க்கு அண்ணாச்சி. "நல்லாப் பார்க்கட்டும்."